வீட்டாட்கள் கூப்பிடக் கூடாத எண்

என் வாயிலிருந்து அதிகமாக வந்த வாக்கியம் எது என்று யாராவது கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன். "டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க." சென்னையில் ஒரு பாட்டுச் சேனலில் தொகுப்பாளினியாக இருந்த காலம் முழுக்க இதைச் சொல்லியே தொண்டை தேய்ந்தது. நேயர்கள் போன் போட்டுப் பிடித்த பாட்டைக் கேட்கும் நிகழ்ச்சி அது. லைன் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் வீட்டு டிவியை முழுச் சத்தத்தில் வைத்துக்கொண்டே பேசுவார்கள். அவர்கள் குரல் டிவி வழியாகச் சுற்றி வந்து மறுபடியும் போனுக்குள் புகுந்து ஸ்டுடியோவில் ஊளையிடும். குறைங்க என்றால் "என்னத்தங்க?" என்பார்கள். டிவியை என்றால், "அப்புறம் உங்களை எப்படிப் பாக்கிறது?" என்பார்கள். நியாயமான கேள்விதான்.

அவர்கள் பார்த்தது என்னில் பாதியைத்தான். கேமரா இடுப்புக்கு மேலேதான் காட்டும். மேலே ஜிகினா வைத்த குர்தா, காதில் தோள் வரை தொங்கும் தோடு. கீழே பழைய பைஜாமாவும் ரப்பர் செருப்பும். பின்னால் பச்சைத் துணி ஒன்றைக் கட்டியிருப்பார்கள். அதன்மேல் கம்ப்யூட்டரில் கடற்கரை, பூந்தோட்டம் என்று என்னவெல்லாமோ ஒட்டுவார்கள். ஒருமுறை கொடைக்கானல் ஏரியையே ஒட்டிவிட்டார்கள். கொடைக்கானல் மலைச்சரிவில் பள்ளங்கியில் பிறந்த பெண், சென்னை வெயிலில் ஒரு பச்சைத் துணிக்கு முன்னால் நின்றுகொண்டு, "ஆஹா, என்ன குளிர்!" என்று நடுங்கிக் காட்டினேன். எனக்கே சிரிப்பாக வந்தது. வராவிட்டாலும் சிரித்திருப்பேன், அதற்குத்தான் சம்பளம். "சிரிப்பு குறைஞ்சா சேனலை மாத்திடுவான்" என்று தயாரிப்பாளர் நாள் தவறாமல் சொல்லுவார். நேயர் தன் நாய் செத்துப்போனதைச் சொன்னால்கூட, அச்சச்சோ என்று ஒரு நொடி உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்த நொடி சிரித்தாக வேண்டும்.

அப்பா அதைப் பார்த்தது ஒரே ஒரு தடவை. எங்கள் வீட்டில் அப்போது டிவி கிடையாது. பெருமாள்மலையில் ஒரு டீக்கடையில் என் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்க, கூட இருந்தவர்கள் "உம்ம மகதானய்யா?" என்று கேட்டிருக்கிறார்கள். அப்பா கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அவர் கேட்டதை அம்மா ஒரு எழுத்து குறையாமல் போனில் என்னிடம் ஒப்பித்தாள். "அந்தப் புள்ள ஏன் எதுக்கெடுத்தாலும் சிரிக்குது?"

அம்மாவுக்கு எதையும் மெழுகிச் சொல்லத் தெரியாது. எனக்குச் சுருக்கென்று இருந்தது. ஊர் உலகமே என்னைப் பார்க்கிறது, பஸ்ஸில் ஏறினால் பின் சீட்டில் கிசுகிசுக்கிறார்கள், பெற்றவருக்கு மட்டும் என் சிரிப்பு ஆகவில்லை. கோபத்தில் அந்தப் பொங்கலுக்கு ஊருக்கே போகவில்லை. அப்பாவும் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் இருவருக்கும் நடுவில் என் வேலையைப் பற்றிய பேச்சே நின்றுபோனது. மழை, பூண்டு விலை, அம்மாவின் முழங்கால் வலி என்று மற்ற எல்லாவற்றையும் பேசிக்கொள்வோம்.

அப்பா இலங்கையில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலியாட்களின் வரிசை வீட்டில், பிறந்தவர். மீசை முளைக்கிற வயதில் பெற்றோரோடு கப்பலேறி வந்து, இந்த மலையில் வாட்டில் மரத்துப் பட்டை உரிக்கிற வேலைக்குச் சேர்ந்தார். பிறகு கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பூண்டும் உருளைக்கிழங்கும் போட்டார். இத்தனை வருஷம் ஆகியும் டீயைத் தேத்தண்ணி என்றுதான் சொல்வார். பேசுவதைக் கதைப்பது என்பார். ஆனால் கதைக்கவே மாட்டார். வாயாடியான எனக்கு அவர் எப்படி அப்பாவானார் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். வீட்டில் இருக்கிற பேச்சு முழுவதையும் நானே எடுத்துக்கொண்டேன் என்பது அம்மாவின் கட்சி.

எல்லோர் கையிலும் போன் வந்து, எல்லோருடைய போனுக்குள்ளும் எல்லாப் பாட்டும் வந்த பிறகு, பாட்டுக் கேட்க யார் என்னைக் கூப்பிடப் போகிறார்கள்? சேனல் மெதுவாகப் படுத்துவிட்டது. நான் கீழே சமவெளியில் ஒரு நகரத்துத் தனியார் எஃப்எம்முக்குப் போனேன். காலை நிகழ்ச்சி. விடிவதற்கு முன் எழுந்து, பல்லைத் தேய்த்ததும் கத்த ஆரம்பிக்க வேண்டும். யாரையாவது போனில் ஏமாற்றி அழவைத்துவிட்டு, கடைசியில் "நாங்க சும்மா விளையாடினோம்!" என்று கூவ வேண்டும். அதிலும் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கினேன். நடுவில் ஒரு கல்யாணம் நடந்தது, முடிந்தது. அது இந்தக் கதையில் வராது. பிறகு அங்கேயும் ஆட்களைக் குறைத்தார்கள். நாற்பதைத் தாண்டிய குரலுக்கு நகரத்தில் வேலை இல்லை என்று நாசூக்காகச் சொன்னார்கள். பெட்டியைக் கட்டிக்கொண்டு பள்ளங்கிக்கே வந்துவிட்டேன்.

வந்த இடத்தில்தான் மலை உச்சியில் இருக்கிற வானொலி நிலையத்துக்குத் தற்காலிக அறிவிப்பாளர்கள் வேண்டும் என்றார்கள். குரல் தேர்வுக்குப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர், "கத்தாமப் படிங்கம்மா, மைக் பக்கத்துலதான் இருக்கு" என்றார். எத்தனை வருஷத்துக்குப் பிறகு ஒருவர் என்னிடம் கத்தாதே என்று சொல்கிறார்! அந்த ஒரு வார்த்தைக்காகவே அங்கே காலம் தள்ளலாம் என்று தோன்றியது. சிரிக்கச் சொல்லவும் அங்கே யாரும் இல்லை.

எங்கள் வானொலியில் ஒரு வேடிக்கை உண்டு. கோபுரம் உச்சியில் நிற்பதால் அது கீழே எத்தனையோ ஜில்லாக்களுக்குத் துல்லியமாகக் கேட்கும். கடற்கரை ஊர்களிலிருந்துகூடக் கூப்பிடுவார்கள். ஆனால் பக்கத்திலேயே மலை மடிப்புக்குள் கிடக்கிற பள்ளங்கியில் எங்கள் வீட்டு ரேடியோவைத் திருகினால் இரைச்சல்தான் வரும். என் குரல் எங்கள் கூரைக்கு மேலே தாண்டிப் போய் யார் யார் வீட்டிலோ இறங்கும்.

வேலைக்குச் சேர்ந்த அன்று சாயங்காலம் அம்மா, "பாப்பா, நான் ஒரு பாட்டுக் கேட்டா போடுவியா?" என்றாள்.

"போட மாட்டேன். வீட்டாளுங்க, சொந்தக்காரங்க யாரும் நேயர் விருப்பத்துக்குக் கூப்பிடக் கூடாதுன்னு விதி. கண்டுபிடிச்சா என் வேலைக்குத்தான் ஆபத்து."

"ஆமா, இல்லன்னா மட்டும் கேட்டுக் கிழிச்சிருவேன்" என்று அம்மா நொடித்துக்கொண்டாள். அப்பா வாசலில் சாக்கை விரித்து விதைப்பூண்டு பிரித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

ஒருநாள் ஆசை தாங்காமல் நேராகவே கேட்டேன். "அப்பா, நம்ம ரேடியோவ ஒரு நாளாச்சும் கேட்டிருக்கீங்களா?"

"இங்க எங்கனக்குள்ள கேக்குது?" என்றார். உண்மைதான். நானும் விட்டுவிட்டேன்.

தினமும் நாலு மணிக்கு நேரடி நேயர் விருப்பம் என்னுடையது. ஸ்டுடியோவில் அதற்கென்று ஒரு தரைவழித் தொலைபேசி இருக்கும். அந்த எண்ணை ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் சொல்ல வேண்டும். சொல்வதிலும் ஒரு முறை உண்டு. தினமும் ஒரே மாதிரி, ஒரே ராகத்தில் சொன்னால்தான் கேட்பவர் மனசில் ஒட்டும். முதல் பாதியைச் சட்டென்று சொல்லி, நடுவில் ஒரு மூச்சு விட்டு, மிச்சத்தை ஒவ்வொன்றாக நிறுத்தி, கடைசி எண்ணை மட்டும் கொஞ்சம் மேலே தூக்கி இழுப்பேன். தொட்டில் பிள்ளைகூட அந்த இழுப்பைக் கேட்டால் திரும்பிப் பார்க்கிறது என்று ஒரு தாய் கூப்பிட்டுச் சொன்னார். என் வாழ்நாளில் கிடைத்த பெரிய பாராட்டுகளில் அதுவும் ஒன்று.

இப்போது அந்தக் கார்த்திகை மழை நாளுக்கு வருகிறேன்.

அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. வத்தலக்குண்டில் கண் டாக்டரிடம் காட்டிவிட்டு வர வேண்டும். முதல் நாள் ராத்திரியிலிருந்தே மழை பிடித்துக்கொண்டது. "இன்னைக்கு வேண்டாம்ப்பா" என்றேன். "டாக்டர் இன்னைக்குத்தான வரச் சொன்னாரு" என்று குடையை வாங்கிக்கொண்டு வெள்ளனே கிளம்பிவிட்டார். டாக்டர் சொன்னால் மழை நின்றுவிடுமா? எரிச்சலில் நான் சரியாகக்கூட வழியனுப்பவில்லை. சாயங்காலம் மேலே வருகிற பஸ்ஸைப் பிடித்து இருட்டுவதற்குள் வந்துவிடுவதாக அம்மாவிடம் சொல்லியிருந்தார்.

மூன்று மணி வாக்கில் கரண்ட் போனது. ஜெனரேட்டரைப் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் செல்போன்களில் டவரும் போனது. ஊர் முழுக்கவே இல்லை. மலையில் மழைக்காலத்தில் இதெல்லாம் சகஜம் என்பதால் நான் ஒன்றும் நினைக்கவில்லை. போனைப் பைக்குள் போட்டுவிட்டு நாலு மணிக்கு மைக் முன்னால் உட்கார்ந்தேன். வழக்கமாக அழைப்புகளை முதலில் எடுத்து, பேர் ஊர் விசாரித்து எனக்குத் தருகிற பெண் அன்று வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டியூட்டி இன்ஜினியர் ஒருவர் மட்டும். மணி அடித்தால் நானே எடுத்து நேராக ஒலிபரப்பில் பேச வேண்டியதுதான்.

இரண்டாவது பாட்டு ஓடும்போது இன்ஜினியர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். விதிமுறைப் புத்தகத்தை விழுங்கியவர் அவர். பாட்டு ஓடும்போது கதவைத் திறப்பது அவருக்குக் கொலைக்குற்றம். அவரே திறந்ததும் ஹெட்போனைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தேன்.

"மேடம், மலைப்பாதையில ஊத்து ஊருக்கு மேல மண்ணு சரிஞ்சிருச்சாம். ஃபயர் சர்வீஸ் வண்டி இப்பத்தான் கீழ போச்சு. ரோட்டை அடைச்சிட்டாங்க. அடுத்த ஷிப்ட் மேடம் கீழதான் நிக்கிறாங்களாம், வர முடியாது. நீங்களே தொடர்ந்து பாத்துக்கணும்."

"பஸ்ஸு ஏதாச்சும்...?"

"வத்தலக்குண்டு பஸ் ஒண்ணு மாட்டிக்கிச்சுன்னு மெயின் கேட்டுல பேசிக்கிறாங்க. உறுதியாத் தெரியல. உறுதியாகாம நாம ஒலிபரப்புல சொல்லக் கூடாது."

"சார், எங்கப்பா அந்த பஸ்லதான் வர்றாரு."

அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்தார். பாட்டு முடியப்போகிறது என்று விரலால் காட்டினார். நான் மைக்கைத் திறந்தேன். "மலைப்பாதையில் மண் சரிவு காரணமாகப் போக்குவரத்து நிறுத்தப்பட்டிருக்கிறது. பயணத்தைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்று சொன்னேன். குரல் நடுங்கவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். இத்தனை வருஷம் செத்த நாய்க்கும் சிரித்துப் பழகிய தொண்டை, தானாக வேலை செய்தது.

அடுத்த பாட்டைப் போட்டுவிட்டு அந்தத் தரைவழி போனிலிருந்தே அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றது. போலீஸ் நிலையத்தைக் கூப்பிட்டேன். எங்கேஜ்டு. மறுபடியும் எங்கேஜ்டு. கீழே வைத்த மறுநொடியே மணி அடித்தது. கீழ்நாட்டு நேயர்கள். அவர்களுக்கு இங்கே நடப்பது எதுவும் தெரியாது. அங்கே வெயில் அடித்துக்கொண்டிருந்திருக்கும்.

"மேடம், சாப்ட்டீங்களா மேடம்?"

"சாப்பிட்டேன். சொல்லுங்க, யாருக்காக இந்தப் பாட்டு?"

"அங்க ரொம்பக் குளுரா மேடம்? நாங்க அடுத்த மாசம் வர்றோம். போட்டிங் எல்லாம் இருக்குல்ல?"

"வாங்க, வாங்க. எல்லாம் இருக்கு."

போனைப் பிடுங்கி எறியலாம் போல் இருந்தது. ஐயா, உங்கள் போட்டிங் நாசமாகப் போகட்டும், லைனை விடுங்கள் என்று கத்த வேண்டும். ஆனால் அவர் என்ன பாவம் செய்தார்? பாட்டைப் போட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்ஜினியர் வெளியே ஓடுவதும், கேட்டில் விசாரித்துவிட்டு நனைந்துபோய்த் திரும்புவதும், உதட்டைப் பிதுக்கிக் கையை விரிப்பதுமாக இருந்தார். எழுந்து ஓடிவிடலாமா என்று ஒரு முறை நினைத்தேன். ஓடி எங்கே போவது? ரோட்டை அடைத்திருக்கிறார்கள். வீட்டுக்குப் போனால் அம்மா முகத்தில் எப்படி விழிப்பது? அம்மாவுக்கு இன்னும் விஷயம் தெரிந்திருக்காது. எங்கள் வானொலியும் அங்கே கேட்காதே. இரைச்சலுக்காக முதல்முறையாகச் சந்தோஷப்பட்டேன்.

அந்த நேரத்தில் ஒரே ஒரு நினைப்புதான் திரும்பத் திரும்ப வந்தது. உலகத்தில் முகம் தெரியாத எவ்வளவோ பேரிடம் "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டிருக்கிறேன். அன்று காலையில் அவரிடம் குடையை நீட்டிவிட்டு, போய்ட்டு வாங்க என்றுகூடச் சொல்லாமல் உள்ளே போய்விட்டேன். நாற்பது வயசுக்குப் பிறகும் ஒரு டீக்கடைப் பேச்சை மனசில் வைத்துக்கொண்டு அலைகிறேன். அவர் வந்துவிட்டால் போதும், என் வேலையைப் பற்றி ஆயுசுக்கும் ஒரு சொல் சொல்லாவிட்டாலும் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். இன்ன சாமி என்று இல்லை. பழனி மலையிலிருந்து பூம்பாறை வரை எல்லாச் சாமியையும் சேர்த்துத்தான்.

எண்ணைச் சொன்னேன். அதே ராகம், அதே மூச்சு, அதே இழுப்பு. மணி அடித்தது.

"வணக்கம், நேயர் விருப்பம். யார் பேசறீங்க? எங்கிருந்து பேசறீங்க?"

மறுமுனையில் இரைச்சல், மழைச் சத்தம், நிறையப் பேர் பேசுகிற சத்தம், அதற்கு நடுவில் என் குரலே "எங்கிருந்து பேசறீங்க" என்று இரண்டாவது முறை கேட்டது. பக்கத்தில் ரேடியோ ஓடுகிறது.

"வணக்கங்க" என்றது ஒரு கிழக்குரல். "பேரு எதுக்குங்க. நான் மலைப்பாதையிலருந்து பேசறேங்க."

எனக்குக் குரல்களைப் பற்றிக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஒரு "ஹலோ" போதும். அந்த ஆள் நிற்கிறாரா, படுத்திருக்கிறாரா, பக்கத்தில் மாமியார் இருக்கிறாரா என்று சொல்லிவிடுவேன். ஆனால் இந்தக் குரல் எனக்குப் பிடிபடவில்லை. யாரோ மரியாதையான பெரியவர். மலைப்பாதை என்றதும் மனசு பஸ்ஸுக்கு ஓடிவிட்டதில் காது வேலை செய்யவில்லை. பழக்க தோஷத்தில் வாய் தன் பாட்டுக்குச் சொன்னது.

"ஐயா, ரேடியோ சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க."

மறுமுனையில் அவர் போனைத் தள்ளிப் பிடித்திருக்க வேண்டும். தூரத்தில், வேறு ஒரு குரல் கேட்டது. "ஏலே, அந்த ரேடியோவக் கொறைலே! தேத்தண்ணி ஆத்துறத அப்புறம் ஆத்தலாம்."

அது அப்பா.

உருளைக்கிழங்கு மூட்டையைத் தலையிலிருந்து இறக்கினால் கழுத்து தானாக மேலே எழும்புமே, அப்படி இருந்தது. "அப்பா" என்று வாய் வரை வந்துவிட்டது. மைக்கின் சிவப்பு விளக்கு எரிகிறது. சமவெளி முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அதற்குள் அவர் மறுபடியும் போனைக் கிட்டே கொண்டுவந்து, பழையபடி அந்த மரியாதைக் குரலில், "கொறைச்சாச்சுங்க" என்றார்.

அப்பா என்னிடம் "ங்க" போட்டு ஒருநாளும் பேசியதில்லை. ஏன் போடுகிறார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. வீட்டாட்கள் கூப்பிடக் கூடாது. விதைப்பூண்டு பிரித்துக்கொண்டு தலையை நிமிர்த்தாமல் கேட்ட மனுஷன், பேரைக்கூடச் சொல்லாமல், நேயராகவே பேசுகிறார்.

சரி, நானும் விட்டுக்கொடுக்கவில்லை.

"ஐயா, நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கேங்க. ஒரு கொறையும் இல்ல. எங்க பஸ்ஸுக்கு முன்னால மண்ணு விழுந்துருச்சு. பஸ்ஸுக்கு ஒண்ணும் ஆகல. ஒருத்தருக்கும் அடியில்ல. எல்லாரும் எறங்கி ஒரு கடையில நிக்கிறோம். வீட்ல தேடுவாங்கன்னு எல்லாருக்கும் கவலை. அதான் ஒங்க மூலமாச் சொல்லிரலாமுன்னு."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்ஜினியர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"இந்தப் பாட்டு யாருக்காகங்க ஐயா?"

"எம் மகளுக்குங்க. மேலதான் வேலை பாக்குது. காலையில மழையில போகாதன்னுச்சு. நாந்தான் கேக்கல. நல்ல புள்ளைங்க."

"என்ன பாட்டு வேணும்?"

"எதுன்னாலும் சரிங்க. நீங்க தெனமும் போடுறது எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நீங்க கதைக்கிறதும் நல்லாத்தான் இருக்கு."

நான் சிரித்துவிட்டேன். எந்தத் தயாரிப்பாளரும் சொல்லாமல், வாய் முழுக்கத் திறந்து, ஒலிபரப்பில், கண்ணில் தண்ணீர் வழிய. நிறுத்த முடியவில்லை. மறுமுனையில் அவரும் லேசாகச் சிரித்தது கேட்டது. "அழைப்புக்கு நன்றிங்க ஐயா, பத்திரமா வீடு போய்ச் சேருங்க" என்றேன். "சரிங்க, வச்சிர்றேன்" என்று வைத்துவிட்டார். கையில் அகப்பட்ட பாட்டைப் போட்டேன். என்ன பாட்டு என்று இப்போது நினைவில்லை.

இன்ஜினியர் உள்ளே வந்தார். விதியைப் பற்றித்தான் ஏதோ சொல்லப்போகிறார் என்று நிமிர்ந்து பார்த்தேன். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஜெனரேட்டர் சத்தத்துல எனக்கு ஒண்ணும் சரியாக் கேக்கல மேடம். யாரோ பெரியவர் போல" என்றார். பிறகு, "பஸ்ஸு பத்திரம்னு இப்ப உறுதியாத் தெரிஞ்சிருச்சு. ஒலிபரப்புல சொல்லிரலாம்" என்றார். சொன்னேன். அந்தச் செய்தியைப் படித்தபோதுதான் குரல் நடுங்கியது.

ஆறு மணிக்கு ஒலிப்பதிவு ஒன்றை ஓடவிட்டு என்னை அனுப்பிவைத்தார். மண் சரிந்த இடத்தை நடந்தே தாண்டி, இந்தப் பக்கம் நின்ற ஒரு ஜீப்பில் ஏறி, எனக்குக் கொஞ்ச நேரம் பின்னாலேயே அப்பாவும் வீடு வந்து சேர்ந்தார். வேட்டியெல்லாம் சேறு. அந்த மூடுபனியிலும் டாக்டர் கொடுத்த கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. பார்க்க ஏதோ அரசியல்வாதி மாதிரி இருந்தார். நான் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தேன். அம்மா வெந்நீர் வைக்க ஓடினாள், திட்டிக்கொண்டே.

அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தபோது மெதுவாக ஆரம்பித்தேன். "ஒங்க போனுக்கு என்னப்பா ஆச்சு?"

"சார்ஜ் போயிருச்சு. பக்கத்து சீட்டுக்காரரு போனுக்கு டவர் இருந்துச்சு. அத வாங்கித்தான் பேசினேன்."

"காலையில நான்தான முழுசா சார்ஜ் போட்டுக் குடுத்தேன்?"

அப்பா தேத்தண்ணியை ஊதினார். அம்மாதான் வாயை விட்டாள். "வழிபூராம் ரேடியோவக் கேட்டுக்கிட்டே வந்தா எங்க நிக்கும்? பழைய பேட்டரி." சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். அப்போதுதான் பார்த்தேன். அப்பாவின் சட்டைப் பையிலிருந்து இயர்போன் வயர் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

"என்னம்மா இது?"

"என்னையக் கேக்காத. சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு." சத்தியத்தை மதித்தவள்போல் அரை நிமிஷம் பேசாமல் இருந்தாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை. "நாலு மணியாச்சுன்னா போதும், வெரசா பூண்டுக்காட்டு மேட்டுக்குப் போயிருவாரு. அங்கதான் தெளிவாக் கேக்குதாம். எங்கன்னு கேட்டா, காட்டுமாடு வருதான்னு பாக்கப் போறேம்பாரு. நீ வேலைக்குச் சேந்த நாள்லருந்து இதே சோலிதான். ஒரு காட்டுமாட்டையும் வெரட்டின பாடில்ல."

அப்பா கறுப்புக் கண்ணாடியோடு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு விடுகிற எண்ணம் இல்லை.

"அப்பா, என் போன் நம்பர் என்ன?"

"அது போனுலயே கெடக்குல்ல. பேரத் தொட்டாப் போகுது."

"மனசுல தெரியாதா?"

"தெரியாது."

"அந்த நம்பர் மட்டும் எப்படித் தெரியும்?"

"எது?"

"இன்னைக்குக் கூப்பிட்டீங்களே, அந்த நம்பர். சொல்லுங்க பாப்போம்."

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். அம்மாவை ஒரு முறை முறைத்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். முதல் பாதியைச் சட்டென்று. நடுவில் ஒரு மூச்சு. மிச்சத்தை ஒவ்வொன்றாக நிறுத்தி, கடைசி எண்ணை மட்டும் மேலே தூக்கி, நான் இழுப்பதைவிட நன்றாகவே இழுத்தார்.